முதலாளி நுழைய முடியாத ஓட்டல்

'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டிய மறுநாள் காலை ஆறே காலிலிருந்து முதலாளியால் தன் சொந்த ஓட்டலுக்குள் நுழைய முடியவில்லை. தூக்கிய கால் வாசற்படிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பக்கவாட்டாகப் போய்ப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு ஓடிப் பார்த்தார், சப்ளையர்கள் இரண்டு பேர் முதுகில் கைவைத்துத் தள்ளியும் பார்த்தார்கள். சட்டை கிழிந்ததுதான் மிச்சம். பின்பக்கம் சமையலறைக் கதவிலும் அதே கதைதான். மற்றவர்கள் வழக்கம்போலப் போனார்கள், வந்தார்கள், இரண்டாவது காபி கேட்டார்கள்.

நாய் மாஸ்டருடையது. மாஸ்டர் அந்த ஓட்டல் அடுப்படியில் பத்தொன்பது வருஷமாக நிற்கிற சமையல்காரர். பழுப்பு நிறப் பெண் நாய், கடைசி மேசைக்குக் கீழே படுத்திருக்கும். சமையலறை வாசலில் கிடக்கும் ஈரச் சாக்கைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஓட்டலுக்குள் நாயை விடலாமா என்று அவ்வப்போது பேச்சு வரும். சுத்தம் முக்கியம் என்பார்கள் சிலர், சில மனுஷங்களுக்கு இது எவ்வளவோ தேவலை என்பார்கள் சிலர், பேசிக்கொண்டே காலடியில் ஒரு துண்டு போடுவார்கள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் டாக்டரம்மாவின் சூப்பில் முடி கிடந்தது. அந்தம்மா அதைக் கரண்டியால் தூக்கிப் பிடித்தார், ஓட்டலே திரும்பிப் பார்த்தது. விரல் நீள முடி, முக்கால்வாசி கறுப்பு, அடியில் வெள்ளை. அங்கே தலைக்குச் சாயம் பூசுகிறவர் ஒருத்தர்தான். ஒவ்வொரு கிண்ணத்தையும் மேசைக்குப் போகுமுன் குனிந்து மோந்து பார்த்து அனுப்புகிறவரும் அவரேதான். முதலாளி ஒரு நொடி தலையைத் தடவிக்கொண்டார். பிறகு கடைசி மேசையைக் கைகாட்டி, "எல்லாம் இந்தச் சனியனால வந்த வினை! மாஸ்டர், இதை இன்னைக்கே எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்றார். மாஸ்டர் முடியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு நாயைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அன்று மாலையே பலகை ஏறியது. பத்து மேசையிலும் இருந்த நாங்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டதோடு சரி. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல! சாப்பாடு ஆறிவிடுமே என்ற கவலை எங்களுக்கு.

பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள், பலன் இல்லை. முதலாளியின் மனைவி கல்லாவில் உட்கார்ந்தார், முதலாளி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மதியம் ஒரு மணிக்கு அவருக்குத் தட்டு கொண்டுவந்தது மாஸ்டர்தான், தினமும், ஒரு வார்த்தை குத்திப் பேசாமல். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். சாயத்தை மட்டும் விடவில்லை. விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம், ஊருக்கே தெரிந்த குட்டு! மூன்று மழைக்காலம் குடையும் கறுப்புத் தலையுமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு நாள் சாயம் பூசுவதை நிறுத்தினார். இரண்டு மாதத்தில், சூப்பில் கிடந்த அதே முடி தலை முழுக்க நின்றது. தட்டோடு வந்த மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல், "அது என் முடி" என்றார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியும் முதலாளி. அன்னைக்குக் கரண்டியிலேயே பார்த்தேன்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"அத்தனை பேர் முன்னாடி உங்களுக்கு அசிங்கமாப் போயிருக்குமே. சாப்பிடுங்க, ஆறுது."

தட்டை மடியில் வைத்துக்கொண்டு முதலாளி விசும்பி விசும்பி அழுதார், நல்ல வெயிலில், தெருவே பார்க்க.

மறுநாள் அவரே அந்த அக்கா வீட்டுக்குப் போய், கேட்டு, நாயைக் கூட்டிவந்தார். அதற்கு ஒரு கண் மங்கியிருந்தது. அது அவர் கையை மோந்து பார்த்தது, வாசற்படியைத் தாண்டிப் போய்க் கடைசி மேசைக்குக் கீழே படுத்தது. பின்னாலேயே எடுத்துவைத்த முதலாளியின் காலும் உள்ளே போய்விட்டது. யாரும் கைதட்டவில்லை, மதியக் கூட்டம். அன்றிலிருந்து நாய் முன்னே, அவர் பின்னே. அது எழுந்து வெளியே போனால் அவரும் கல்லாவை விட்டு இறங்கி வாசலில் போய் நிற்பார். புதிதாக வருகிறவர் யாராவது, ஓட்டலுக்குள் நாயா என்று முகம் சுளித்தால், "அது கூட வந்தாத்தாங்க முதலாளிக்கே அனுமதி" என்று சொல்லிவிட்டு, சூப் வேண்டுமா என்று சப்ளையர் கேட்பார்.