அக்காவின் கையெழுத்துள்ள கல்

வைரங்களுக்குத் தரச் சான்றிதழ் கொடுக்கும் அந்த நிறுவனத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பேர். யார் என்ன சொன்னாலும் எந்தப் பக்கமும் சாயமாட்டாள் என்பதால் பக்கத்து மேஜைக்காரி வைத்தது. பதிலுக்குத் தராசு அவளுக்குக் 'குண்டூசி' என்று வைத்தாள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தல். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, கண்ணில் லென்ஸும் கையில் இடுக்கியுமாகக் கல் பார்த்தார்கள். ஒருத்தி வீட்டுச் சங்கதி இன்னொருத்திக்குத் தெரியாமல் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தராசின் தங்கை, தான் கட்டிக்கொள்ளப்போகிற பையனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். பையன் பஸ் பணிமனையில் மெக்கானிக். என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் மிச்சம் இருக்கும். தங்கை வாய் கொள்ளாத சிரிப்போடு ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள். கல் தனியாக இருந்தது, இன்னும் மோதிரத்தில் பதிக்கவில்லை.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லாம வாங்கணும்னுதான் கடைக்கு நாங்களே போனோம்க்கா. நாலு கல்லு காட்டினாங்க. ஒண்ணு இதைவிடப் பளிச்சுன்னு இருந்துச்சு, ஆனா எடை கம்மி. எதை எடுக்கிறதுன்னு மண்டையைக் குடைஞ்சிட்டிருந்தோம். அப்பத்தான் இந்தச் சான்றிதழைப் பார்த்தேன். கீழ உன் கையெழுத்து! அதுக்கு மேல என்ன யோசனை?"

"கடைக்காரர்கிட்ட 'இது எங்கக்கா'ன்னு ஊருக்கே கேக்கிற மாதிரி சொல்லிட்டா," என்றான் பையன்.

தராசுக்கும் பெருமைதான். கல்லை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்தில் ஒருதரம் சாய்த்துப் பார்த்தாள்.

விளிம்போரம் மின்னிய கல், நடுவில் கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்பு எதனால் வருகிறது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். மேலே விழுகிற வெளிச்சம் அடிப்பட்டைகளில் மோதித் திரும்பி, பார்க்கிறவர் கண்ணுக்கே வரவேண்டும், அதற்குத்தான் வெட்டு. எடை குறைந்துவிடுமே என்று பட்டை தீட்டுகிறவர் அடியைச் சீவாமல் தொப்பையோடு விட்டால், உள்ளே போன வெளிச்சம் பக்கவாட்டில் வழிந்து வீணாகப் போகும். தராசில் கல் கனக்கும், விரலில் செத்துக் கிடக்கும்.

பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். விளிம்புக்குப் பக்கத்தில் இறகு மாதிரி ஒரு கீறல். மூணு வாரத்துக்கு முன்னால் அவள் மேஜைக்கு வந்த அதே கல். "இது ரொம்ப நல்லாச் சாப்பிட்டு வளர்ந்த கல்லு" என்று குண்டூசியிடம் சிரித்துக்கொண்டே, வெட்டு 'சுமார்' என்று பதிந்தது நன்றாக நினைவிருந்தது. இப்போது சான்றிதழில் வெட்டு 'மிகச் சிறப்பு' என்றிருந்தது. ஆழத்தின் அளவைக்கூட மாற்றியிருந்தார்கள்.

"என்னக்கா, நல்லா இருக்கா?"

"இது நான் குடுத்த தரம் இல்ல."

"கையெழுத்து உன்னோடதுதானே?"

"என்னோடதுதான்."

"அப்ப நாங்க எதைத்தான் நம்பி வாங்கினோம்?"

பையன் தரையைப் பார்த்தான். தங்கை பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தாள். ஊற்றி வைத்த டீ ஆறிப்போனது.

மறுநாள் அலுவலகத்தில் தராசு பதிவுகளைத் தோண்டினாள். அவளுடைய கணக்குக்குள் புகுந்து, ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தரத்தை மாற்றியிருந்தார்கள். அந்தக் கணக்கிலிருந்து போகிற சான்றிதழில் அவள் கையெழுத்து தானாகவே அச்சாகிவிடும். அன்றைக்கு அவள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். அவளுடைய பாஸ்வேர்டு அவளைத் தவிர குண்டூசிக்கு மட்டும்தான் தெரியும். தான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, பாக்கி வேலையை முடித்துக் கொடுக்கச் சொல்லித் தராசே கொடுத்தது.

சாப்பாட்டு நேரத்தில் குண்டூசிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"எத்தனை கல்லு?"

குண்டூசி மழுப்பவில்லை. டப்பாவை மூடினாள். "பதினொண்ணு. ஒரு வியாபாரி வந்து கெஞ்சினான். கண்ணாடித் துண்டையா வைரம்னு சொன்னேன்? வைரம் வைரம்தானே?"

"ஏன் என் பேர்ல?"

"என் பேர்ல போட்டா மேல ஒருதரம் எடுத்துப் பார்ப்பாங்கடி. உன் பேரைப் பார்த்தா யாரும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. உனக்கு அவ்வளவு மரியாதை."

ஏதோ பாராட்டுகிற தோரணையில்தான் சொன்னாள். செவிட்டில் அறைந்திருந்தால்கூடத் தராசுக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தன் நேர்மையை இவள் பார்த்தது, அது எதற்கு உதவும் என்று கணக்குப் போடத்தானா?

"உன் தங்கச்சி கைக்குப் போகும்னு சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தக் கல்லைத் தொட்டே இருக்க மாட்டேன்."

"மத்த பத்துப் பேருக்கும் அக்கா தங்கச்சி இல்லையா?"

குண்டூசியின் முகம் இறுகியது. "மேல போய்ச் சொல்லு, தாராளமா சொல்லு. பாஸ்வேர்டை நீயா குடுத்தேன்னு நானும் சொல்லுவேன். சேர்ந்துதான் போவோம்."

"நீ சொல்ல வேண்டாம். நானே எழுதறேன்."

எழுதினாள். பாஸ்வேர்டைக் கொடுத்ததை முதல் வரியிலேயே எழுதினாள். அடுத்த வாரம் குண்டூசியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். போகும்போது அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தராசை ஒரு வருஷத்துக்குக் கல் பார்க்கவேண்டாம் என்று சொல்லி, சான்றிதழ் உறைகளுக்கு முத்திரை ஒட்டுகிற அறைக்கு மாற்றினார்கள். பதினோரு சான்றிதழ்களையும் ரத்து செய்து கடைகளுக்குக் கடிதம் போனது. நடைபாதையில் அவள் வந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். தெரியாமலா இருந்திருக்கும் என்று பாதிப்பேர் நினைத்தார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்காததால் பதில் சொல்லவும் வழியில்லை.

கடைக்காரர் கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து, பதித்து முடித்த புது மோதிரத்தோடு தங்கையும் பையனும் வந்தார்கள். எடை குறைந்த அந்தச் சின்னக் கல்லைத்தான் எடுத்திருந்தார்கள். கதவருகே தங்கை கையை ஆட்டிப் பேசும்போதே அது வெளிச்சத்தை வாரி இறைத்தது. நல்ல வெட்டு. அறையின் இந்தக் கோடியிலிருந்தே தராசுக்குத் தெரிந்தது.

"அக்கா, நீங்களும் ஒருதரம் பார்த்துச் சொல்லுங்களேன்," என்றான் பையன்.

தராசு கையை நீட்டினாள். தங்கை தன் கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற ஒரு இடத்துல காட்டிட்டோம்க்கா. அவங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. நீ தப்பா எடுத்துக்காத."

"சேச்சே, இதுல என்ன இருக்கு? காட்டினதுதான் நல்லது," என்று சிரித்துவைத்தாள் தராசு. பிறகு அடுப்படிக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். குண்டூசி மேல் இத்தனை நாள் வராத கோபமெல்லாம் அந்த அடுப்புக்கு முன்னால்தான் வந்தது. வேலை போகட்டும், மேஜை போகட்டும். பால்காரன் கொடுத்த மிச்சக் காசைக்கூட 'சரியா இருக்கா, எண்ணிப் பாருக்கா' என்று தன்னிடம் ஓடிவந்து நீட்டுகிற பெண் இந்தத் தங்கை.

தண்ணீர் கொதித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சக்கரை எவ்வளவு போடணும்?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.