ஒன்பதும் தொண்ணூற்று நான்கும்

பொன்னுரங்கத்தின் உள்ளங்காலில் இருந்து வெட்டியெடுத்த கறுப்புக் கட்டியின் சீவல் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் கிடந்தது. அதை அளக்கும் வேலை, தாம்பரத்து லேபில் வேறு ஆளே இல்லாததுபோல, ஞானையாவின் தலையில் வந்து விடிந்தது. அவர் அண்ணன் லாசரஸை இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒன்றரை கிரவுண்டு மனைக்காகச் செம்பாக்கம் ஏரிக்கரையில் வெட்டிச் சாய்த்தவன் இந்தப் பொன்னுரங்கம்தான். ஞானையா கண்ணால் பார்த்தார். பார்த்த ஒரே ஆளும் அவர்தான். போலீஸ் கேட்டபோது, பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்து, "நான் ஒண்ணும் பாக்கல சார்" என்றார். கேஸ் அதோடு படுத்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் அந்த லேபுக்குப் புது மிஷின் வந்திருந்தது. மைக்ரோஸ்கோப்பின் தலையில் கேமரா, பக்கத்தில் கம்ப்யூட்டர். தோல் புற்றுக்குள் புகுந்து அதோடு மல்லுக்கு நிற்கும் எதிர்ப்பு அணுக்கள் திரையில் பழுப்பாகத் தெரியும். மிஷின் எண்ணிச் சொல்லும். நாற்பதுக்கு மேல் இருந்தால் உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். பெரிய டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் தம் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டு புது ஊசி போடுவார். குறைந்தால் ஊசி கிடையாது. ஆனால் எந்த இடத்தை எண்ண வேண்டும் என்று மிஷினுக்குக் காட்டுவது ஞானையாவின் கை.

அந்தக் கை காலையில் அணுக்களே இல்லாத மூலைகளாகத் தேடிக் காட்டியது. ஒன்பது என்று வந்தது. ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகு எழுதியதைத் தாமே ஒருமுறை படித்துப் பார்த்தார். இதற்கும் அரிவாளுக்கும் என்ன வித்தியாசம்? காகிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, ஒழுங்காகப் பத்து இடத்தில் எண்ணினார். தொண்ணூற்று நான்கு. பாவி உடம்புக்கு எத்தனை வீம்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டே எழுதினார்.

மை காய்வதற்குள் கதவை உதைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலோடு நொண்டி வந்தான் பொன்னுரங்கம். கூடவே அவன் கையாள் தயாளன்.

"லாசரஸ் தம்பிதானே நீ? எம் பேப்பரு உன் கைலயா கீது?" பொன்னுரங்கம் பிடுங்கிப் பார்த்தான். "தொண்ணூத்தி நாலா! சுகரு கொஞ்சம் ஏறனாலே டாக்டரு கத்தறான். இது இம்மாம் ஏறிக் கீதே!"

"ஏறினா நல்லது. இது சுகர் மாதிரி இல்ல..."

பளாரென்று அறை விழுந்தது. ஞானையா விழுந்த வேகத்தில் குப்பைக்கூடை கவிழ்ந்தது. உருண்டு வந்த காகிதத்தைத் தயாளன் எடுத்துப் பிரித்தான்.

"அண்ணா, இதுல ஒம்போதுன்னு போட்டு கீது. உன் பேருதான். கையெழுத்துகூட கீது."

பொன்னுரங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். "நல்ல நம்பர ஒளிச்சி வெச்சிகினு, என் கால வெட்டப் பாக்கறியா? அண்ணனுக்குப் பழி வாங்கறியாடா?"

"ஐயோ, அதுதான் பொய்! நான்தான் பொய்யா எழுதினேன். தொண்ணூத்தி நாலுதான் உன்னைக் காப்பாத்தும்!"

சத்தியமான பேச்சு. கொன்றவன் நம்புவானா, செத்தவனின் தம்பி தன்னைக் காப்பாற்றுவான் என்று? இரும்பு ஸ்டூலைத் தூக்கி ஞானையாவின் வாயிலேயே இறக்கினான். இரண்டு பல் தரையில் தெறித்தன. தயாளன் அவர் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்தினான். விரல் முறிகிற சத்தம் ஞானையாவுக்கே கேட்டது. அவர் கதறக் கதற, தொண்ணூற்று நான்கைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒன்பதை நீவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் பெரிய டாக்டரிடம் போனார்கள்.

அரை மணி கழித்து போன் அடித்தது. டாக்டர்தான்.

"ஞானையா, ஒருத்தன் கசங்கின காகிதத்தோட வந்து நிக்கறான். ஒன்பதுன்னு இருக்கு. சரிதானா? அப்படின்னா ஊசி இல்லைன்னு அனுப்பிடறேன்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நாலைந்து மாதத்தில் அந்தக் கறுப்பே அவனைத் தின்று தீர்த்துவிடும். ஞானையாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மன்னிப்பாவது மண்ணாவது! ஆனால் தரையில் ரத்தத்தோடு கிடந்த தன் பல்லைப் பார்த்தார். இரண்டு வருஷமாகப் பயந்து பயந்து பொத்தி வைத்திருந்த வாய் இதுதானே. இனி உடைக்க அதில் என்ன மிச்சம்?

"தொண்ணூத்தி நாலு சார். ஸ்லைடு இங்கேதான் இருக்கு, நீங்களே பாருங்க. ஊசியைப் போடுங்க. அவன் நல்லா உயிரோட இருக்கணும்."

"என்னப்பா, பேச்சு குழறுது?"

"நான் இப்ப போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன் சார். அண்ணனை வெட்டினது யாருன்னு சொல்லப் போறேன். கூண்டுல ஏத்த ஆள் வேணுமில்ல?"