வாளிக்கடை வழியாக

வாளிக்கடைக்குள் போன முதல் பெண்மணி திரும்பி வரவில்லை. அடுத்துப் போன பெரியவரும் வரவில்லை. அதற்கடுத்து ஒரு குடும்பமே குழந்தை குட்டியோடு உள்ளே போயிற்று. எதிர்ச்சாரியில் தன் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தீங்களா? சொன்னேன்ல?" என்றாள் பக்கத்தில் நின்ற தையல்காரரிடம். "போர்டு மாட்டி அரை மணி நேரம்கூட ஆகலை. சனம் பின்சந்துக்குப் போக ஆரம்பிச்சாச்சு!"

தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவுநாடாவை இழுத்துச் சரி செய்துகொண்டார். "ஏம்மா, நான் இப்பதான் சந்துலேருந்து சுத்தி வரேன். அங்க ஒரு ஈ, காக்கா இல்லை."

"அப்ப போனவங்க எல்லாம் எங்கே?"

பதில் வாளிக்கடைக்குள்ளிருந்து வந்தது. முதலில் நாலைந்து வாளிகள் உருளும் சத்தம். பிறகு ஏணி ஒன்று சாயும் சத்தம். அப்புறம் தெரு முழுக்கக் கேட்கும்படி அவளுடைய அத்தானின் குரல்.

"எவன்டா இங்க போர்டு மாட்டினது?"

கண்ணாடிக்காரி கடையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினாள்.

அந்தக் கடைத்தெருவின் வியாபாரிகள் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். நகர நிர்வாகம் தெருவைப் புதுப்பிக்கப் போகிறது என்ற செய்தி வந்த நாளிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், கடை முகப்புகளைச் சீரமைக்க உதவி, எல்லாம் வரப்போகிறது. ஆனால் திட்ட வரைபடத்தில் கடைத்தெரு மட்டும்தான் இருந்தது. தெருவின் முதுகோடு ஒட்டிக்கிடக்கும் பின்சந்து இல்லை. தையல்காரர், சைக்கிள் ரிப்பேர்காரர், அச்சகத்துக்காரம்மா என்று அங்கே ஏழு கடைகள். சந்தின் வாயை ஒரு பெரிய கட்டடம் அடைத்துக்கொண்ட பிறகு, அங்கே போக வேண்டுமென்றால் பஸ் டெப்போவைச் சுற்றித்தான் போக வேண்டும். சுற்றிப் போக யாருக்குப் பொறுமை இருக்கிறது?

"கடைத்தெருவுக்கும் சந்துக்கும் நடுவுல நேரா நடந்து போற வழி இருந்தா, சந்தையும் திட்டத்துல சேர்த்துக்கலாம்" என்று திட்ட அதிகாரியம்மா சொல்லியிருந்தார். "சனிக்கிழமை வந்து பார்க்கறேன். அன்னிக்கு வழி இல்லேன்னா சந்து கிடையாது."

வழி இருந்தது. இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல் என்று தெருவிலேயே ஒரே ஒரு கடைக்குத்தான் இரண்டு வாசல். அது அவள் அக்கா வீட்டுக்காரரின் வாளிக்கடை. வாளி என்பது பேருக்குத்தான். குவளை, துடைப்பம், கயிறு, ஏணி, ஆளுயரக் கண்ணாடி வரை எல்லாம் அங்கே கிடைக்கும். பின்பக்கத்து ஷட்டர் மட்டும் பல வருஷமாகத் திறந்ததில்லை. அவ்வளவுதானே, சனம் வந்து நின்றால் அத்தானே திறந்துவிடுவார் என்று கண்ணாடிக்காரி நினைத்தாள். மருந்துக்கடைக்காரர், பேக்கரிக்காரர் என்று தெருவில் ஒருத்தர் விடாமல் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினாள். வியாழக்கிழமை காலையில், 'பின்சந்துக்கு வழி' என்று அம்புக்குறியோடு ஒரு போர்டையும் அத்தான் கடை வாசலில் மாட்டிவிட்டாள்.

கடைக்குள் இப்போது கூரை வரை அடுக்கிய வாளிச் சுவர் ஒன்றின் முன்னால் சனம் முட்டிக்கொண்டு நின்றது. முதலில் போன பெண்மணி திரும்ப இடமில்லாமல் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே சிக்கியிருந்தார். குடும்பத்தின் கடைக்குட்டி ஒரு நீலத் தொட்டிக்குள் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கல்லாவில் அக்கா சிரிப்பை அடக்க வாயில் முந்தானையை வைத்திருந்தாள்.

அத்தான் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "செயலாளரம்மா வாங்க! இது உங்க வேலையா?"

"அத்தான், சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எப்ப? சனிக்கிழமை அதிகாரி முன்னாடியா? மருந்துக்கடைக்காரர்கிட்ட மூணு தடவை போய்ப் பேசினே. பேக்கரிக்காரர் வீட்டுக்கே போய்ப் பேசினே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க நம்ம அத்தான்தானேன்னு..."

"நம்ம அத்தான்னா? தூக்கி ஓரமா வெக்கறதுக்கு நான் என்ன வாளியா?"

சிக்கிக்கொண்ட பெண்மணி அங்கிருந்தே, "சண்டையை அப்புறம் போட்டுக்கங்க. முதல்ல என்னை வெளியே எடுங்க" என்றார்.

அவரையும் தொட்டிக்குழந்தையையும் மீட்டு அனுப்பிய பிறகு, அத்தான் போர்டைத் துடைப்பக்கட்டுகளுக்குப் பின்னால் செருகினார். "சனிக்கிழமை அதிகாரி வரட்டும். நல்லா வரட்டும். முன்வாசல் வழியா வந்து முன்வாசல் வழியாவே போகட்டும்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்தால் ஏணியில்தான் ஏறுவார். மேலே போய் யாரும் பேச முடியாது.

வாசல் வரை கூடவே வந்த அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அவர் மேல தப்பு இல்லைடி."

"தெரியும்க்கா. ஊரையெல்லாம் கேட்டுட்டு வீட்டுல கேக்காம விட்டுட்டேன்."

"இப்ப என்ன செய்யப் போறே?"

"கேக்கப் போறேன்."

"வழி விடுங்கன்னா?"

"இல்லை. வழி விட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்னு."

மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் அவள் மறுபடி வந்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அத்தான் எதிரில் உட்கார்ந்தாள். கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இரண்டாவது காரியம்தான் அவளுக்குக் கஷ்டம்.

அத்தான் முதலில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பொரிந்து தள்ளினார். "ஆள் நடக்கற அளவுக்கு வழி விட்டா ரெண்டு வரிசை அலமாரி போயிடும். பின்பக்கம் அடுக்கியிருக்கற சரக்கை எங்க வெப்பேன், தலையிலயா? சந்துக்கு வெளிச்சம் வரும். உனக்கு நல்ல பேர் வரும். எனக்கு என்ன வரும்? மழை பெஞ்சா ஊர் பூரா ஈரக் குடையோட என் கடை நடுவுல நடந்து போகும். எல்லாருக்கும் நல்லது நடக்கணும், சரி. அதுக்கு ஒருத்தன் கடையை மட்டும் அறுக்கறதா?"

கண்ணாடிக்காரிக்குச் சுருக்கென்றது. சந்துக்கு அநியாயம் நடக்கிறது என்று தெரு முழுக்கப் பேசியவள் அவள். அந்த அநியாயத்தைச் சரிசெய்கிற பாரத்தை ஒரே ஆள் தலையில் ஏற்றியிருக்கிறாள். அதுவும் சொந்த அத்தான் தலையில்.

"நியாயம் அத்தான்" என்று எழுந்தாள்.

"நியாயம்னா? விட்டுட்டியா?"

"விடறதா? நானா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

டெப்போவைச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயிலில் முகம் கன்றியிருந்தது. தையல்காரரின் வெட்டுமேஜையைச் சுற்றிச் சந்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

தையல்காரர் கத்தரிக்கோலை மூடி வைத்தார். "சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். வேற பேட்டைல எனக்கு ஒரு கடை பாத்திருக்கு. திங்கக்கிழமை பதில் சொல்லணும். சந்து திட்டத்துல இல்லேன்னா நான் கிளம்பறேம்மா. தைச்ச சட்டையை வாங்கிட்டுப் போகக்கூட ஆளுக்கு வழி தெரியலை."

"அவர் போனா என் கடைப் பக்கம் இருக்கற கொஞ்ச நடமாட்டமும் போயிடும்" என்றார் சைக்கிள்காரர்.

"திங்கக்கிழமை அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள் கண்ணாடிக்காரி.

"எந்த தைரியத்துல சொல்றே?"

அவளுக்கே அது தெரியவில்லை. பதிலைத் தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்தாள். தையல்காரரின் பக்கச்சுவர் மொட்டையாக நின்றது. எதிரே சைக்கிள் கடையில் வரிசையாகக் கொக்கிகள், எல்லாம் காலி. அச்சகத்தின் முகப்பில் ஒரு நீளத் திண்டு, அதில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"இந்தச் சுவர் ஏன் சும்மா கிடக்கு?"

"ஏதாவது வெச்சா யார் பாக்கப் போறா?"

"வழி திறந்தா?"

"திறந்தா பாப்பாங்க. ஆனா வெக்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

"உங்ககிட்ட இல்லை. வெக்க இடமில்லாம ஒருத்தர்கிட்ட கூரை வரைக்கும் இருக்கு!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே முழுதாகப் புரிந்தது. அத்தானின் வழியை அடைத்திருக்கிற சரக்கை ஏழு கடையும் பகிர்ந்து வைத்துக்கொள்வது. அவர் சரக்கு, அவர் விலை, விற்பது இவர்கள். அவருக்கு அலமாரி போனால் ஏழு கடைச் சுவர் கிடைக்கும்.

தையல்காரர்தான் முறைத்தார். "என் கடைல வாளியா? கல்யாணக் கோட்டுக்கு அளவு குடுக்க வர்ற மாப்பிள்ளை வாளியைப் பாத்தா என்ன நினைப்பான்?"

"குளிச்சுட்டு வருவான்" என்றார் அச்சகத்துக்காரம்மா.

சிரிப்பு அடங்கியதும் கண்ணாடிக்காரி எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். "இந்தத் தடவை நான் மட்டும் போய்ப் பேசமாட்டேன். எல்லாரும் வாங்க. நீங்களே கேளுங்க."

அத்தான் ஏணியில் பாதி ஏறி நின்றபடியே அவர்கள் சொன்னதைக் கேட்டார். ஏழு பேர் வரிசையாக வந்து தன்னைக் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல் நிபந்தனை போட்டார்.

"விலையில யாரும் கை வைக்கக்கூடாது. வாளியைக் கவுத்து அடுக்கக்கூடாது, விளிம்பு போயிடும். துடைப்பத்தை வாசல் பக்கம் நிக்க வைக்கக்கூடாது, பாக்கறவங்களுக்கு உள்ளே வர மனசு வராது. அப்புறம் அந்தப் பூனை..."

"பூனைக்கு என்ன?" என்றார் அச்சகத்துக்காரம்மா.

"கயிறு பக்கம் வரக்கூடாது."

"அதுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"ஏங்க, கீழே இறங்கி வந்து பேசுங்களேன்" என்றாள் அக்கா கல்லாவிலிருந்து. அவர் இறங்கினார். அத்தோடு பாதிப் பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை பூராவும் வாளிச்சுவர் கரைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்ததும் ஷட்டர் தெரிந்தது, துருப்பிடித்து. சைக்கிள்காரர் எண்ணெய்க் குப்பியோடு வந்து உட்கார்ந்தார். தட்டினார், நெம்பினார், செல்லமாகத் திட்டினார். கடைசியில் ஷட்டர் ஒரு பெரிய கிறீச்சோடு மேலேறியது. அதுவரை குழல்விளக்கு எரிந்த கடைக்குள் வெயில் நேராக வந்து விழுந்தது.

அத்தான் வாசலில் நின்று சந்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். "இவ்வளவு கடை இருக்கா இங்க?"

"நீங்க முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தா எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கடையாகப் போய்த் தானே அடுக்கினார். சைக்கிள் கடைக் கொக்கிகளில் கயிறும் சங்கிலியும் தொங்கின. அச்சகத் திண்டில், பூனை விட்டுக்கொடுத்த இடத்தில், குவளைகள் நின்றன. வாளி வேண்டாம் என்று அடம்பிடித்த தையல்காரருக்கு மட்டும் ஆளுயரக் கண்ணாடிகளைக் கொண்டுவந்து சாத்தினார். தையல்காரர் ஒரு கண்ணாடியில் தன்னையே மேலும் கீழும் பார்த்தார்.

"இதை முன்னாடியே குடுத்திருக்கலாம்ல? சட்டை போட்டுப் பாக்க வர்றவங்களுக்கு நான் என் கையகலக் கண்ணாடியைத்தானே காட்டிட்டிருந்தேன்!"

"நீங்க எப்ப என் கடைக்கு வந்து கேட்டீங்க?" என்றார் அத்தான். இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அதைச் சுற்றிவர இருவருக்குமே இத்தனை வருஷம் தோன்றவில்லை.

சனிக்கிழமை அதிகாரியம்மா வந்தார். கையில் சுருட்டிய வரைபடம், காலில் சேற்றுக்குப் பயப்படாத காலணி. வாளிக்கடைக்குள் நுழைந்து, அலமாரிகளுக்கு நடுவே நேராக நடந்து, சந்தில் போய் இறங்கினார். அவர் பின்னால் வாடிக்கையாளர்களும் வந்தார்கள். நீலத் தொட்டிக் குழந்தையின் குடும்பமும் அதில் இருந்தது. தொட்டி இப்போது சைக்கிள் கடை வாசலில் இருப்பதைக் கண்டு குழந்தை நேராக அதற்குள் போய் உட்கார்ந்தது.

அதிகாரியம்மா சந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "வழி நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஒருத்தரோட சொந்தக் கடை. இன்னிக்கு எனக்காகத் திறந்து வெச்சுட்டு நாளைக்கு மூடிட்டா? அதை நம்பி நான் எப்படி விளக்குக்கம்பம் நடறது?"

எல்லார் கண்ணும் கண்ணாடிக்காரி மேல் விழுந்தது. பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. செயலாளருக்குப் பதிலா பஞ்சம்? ஆனால் கடை அவளுடையது இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அத்தானைப் பார்த்தாள்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "என் சரக்கு பாதி இந்தப் பக்கம் இருக்கு. நான் இதை மூடினா எனக்கே நான் கதவைச் சாத்திக்கிட்ட மாதிரி. கடை திறந்திருக்கற நேரமெல்லாம் வழி இருக்கும்மா. சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லணும்னாலும் சொல்றேன்."

"கடைக்கு லீவு விட்டா?"

"நான் லீவு விட்டு யாராவது பாத்திருக்கீங்களா? என் கல்யாணத்தன்னிக்கே மத்தியானம் கடை திறந்தவன் நான்."

"அதை வேற பெருமையாச் சொல்லுங்க" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். தையல்காரரின் வெட்டுமேஜையில் வரைபடத்தை விரித்து, பென்சிலை எடுத்தார். "அப்ப இது உங்க கடையோட பின்வாசல், இல்லையா?"

"யார் சொன்னா?" என்றார் அத்தான். "ரெண்டு பக்கமும் தெரு. ரெண்டும் முன்வாசல்தான். அப்படியே எழுதுங்க."

பென்சில் கோடு கடைத்தெருவில் கிளம்பி, வாளிக்கடைக்குள் புகுந்து, சந்தில் இறங்கி, ஏழு கடைகளையும் சுற்றி வளைத்துக்கொண்டது. திங்கட்கிழமை வரை காத்திருக்கத் தையல்காரருக்கு மனசில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போய், "அந்தக் கடையை வேற யாருக்காவது குடுத்துடுங்க, எனக்கு இங்க வேலை இருக்கு" என்று சொல்வது எல்லாருக்கும் கேட்டது.

அதிகாரியம்மா போன பிறகு, கண்ணாடிக்காரி துடைப்பக்கட்டுகளுக்குப் பின்னால் கைவிட்டு அந்த போர்டை எடுத்தாள். தூசி தட்டினாள். வாசலுக்குப் போனவள், ஆணியைப் பார்த்ததும் நின்று திரும்பினாள்.

"அத்தான், இந்த போர்டை இங்க மாட்டலாமா?"

அத்தான் நிதானமாக வந்தார். போர்டைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

"அப்ப மாட்டு. கொஞ்சம் இடது பக்கமா. என் கடைப் பேரு மறையுது."