ஒற்றைக் கறுப்புக் கட்டை

நான்காம் முறையும் ரேணுகாதேவியின் விரல் கறுப்புக் கட்டையை விட்டுவிட்டுப் பக்கத்து வெள்ளைக் கட்டையில் போய் விழுந்தது. மறுநாள் வேலூரில் கீபோர்டு பரீட்சை. ஐம்பத்தொரு வயதில் முதல் கிரேடு. கூட வருகிறவர்கள் எல்லாம் ஆறாங்கிளாஸ் பிள்ளைகள். "ஊர்ல எல்லாரும் பேரப்புள்ளைய பரீட்சைக்கு இட்டுகினு போவாங்க, நான் பொண்டாட்டிய இட்டுகினு போறேன்" என்று புருஷன் வேணுகோபால் டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். பரீட்சையில் தோற்றுப்போனால் அந்தக் கடையைத் தாண்டித் தறிக்குப் போக முடியாது.

விரலைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருஷமாகப் பட்டு நெய்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரே ஒரு இழை நிறம் மாறி வந்தாலும் கை தானாகப் போய் அதை எடுத்துவிட்டுச் சரியான இழையை முடிந்துவிடும். இந்தப் பாட்டு ஏ மைனர். ஸி மேஜரின் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான். அதில் ஜி மட்டும் ஷார்ப்பாகி, அரைச் சுரம் கூடி, கறுப்புக்கு ஏறி நின்றது. அச்சுப் பிழை என்றே அவள் நினைத்தாள். மகள் வயதிருக்கும் டீச்சர் ஜெயப்ரியா விதியைச் சொன்னாள், அட்டவணை போட்டாள், விரலைப் பிடித்தும் வைத்தாள். கடைசியில் அலுத்துப்போய், வெள்ளையிலேயே வாசித்து முடிங்கம்மா என்றுவிட்டாள்.

வாசித்தாள். வெள்ளை ஜி, பிறகு பாட்டு போய் முடிகிற ஏ. பாட்டு முடிந்தது, ஆனால் வீட்டுக்கு வந்தவர் வாசலோடு பேசிவிட்டுப் போன மாதிரி இருந்தது. விரலைக் கறுப்பில் வைத்தாள். அந்தச் சுரம் சும்மா நிற்கவில்லை, ஏ-யைப் பார்த்து இழுத்தது. மறுபடி வெள்ளை. மறுபடி கறுப்பு.

"இது மாறி வந்த இழை இல்ல ஜெயா. வேணும்னுதான் போட்டுகிறாங்க. இது இல்லனா பாட்டுக்கு வூடு எதுன்னே தெரியாது."

ஜெயப்ரியா அட்டவணையை மூடி வைத்தாள்.

வேலூரில் அவள் வாசித்து முடித்ததும் பரீட்சகர் பாட்டு என்ன கீ என்று கேட்டார். ஏ மைனர் என்றாள். பாட்டின் தொடக்கத்தில் போடுகிற கீ சிக்னேச்சரில் ஷார்ப்பே இல்லையே, இந்தக் கறுப்புக் கட்டை எங்கிருந்து வந்தது என்றார். வெளியே பெஞ்சில், "உள்ள வாசிக்கிறது எங்க வூட்டுக்காரம்மா" என்று வேணுகோபால் யாரிடமோ சொல்வது கதவிடுக்கில் கேட்டது.

"சொல்றதவிட வாசிச்சே காட்றேங்க சார்."

முதுகை நிமிர்த்தினாள். ஒருமுறை வெள்ளையில் முடித்தாள். பிறகு அதே அடியைக் கறுப்புக்குக் கொண்டுவந்து, விரலை எடுக்காமல் அங்கேயே நிறுத்தினாள். பரீட்சகரின் தலை கொஞ்சம் முன்னால் வந்தது. அவர் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. வெளியே வேணுகோபாலின் பேச்சும் நின்றுபோயிருந்தது. ஏ-க்குப் போக அவள் அவசரப்படவில்லை.