மூன்றாம் மாடிக்கு எழுதிய ரசீது

ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மாடி ஏறிப் போங்கள். தேநீர் கொடுத்தால் குடியுங்கள். குளியலறையில் எத்தனை பல் பிரஷ் இருக்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள். பழைய வாடகைச் சட்டத்தில் குடித்தனக்காரர் செத்தால், அவரோடு சேர்ந்து இருந்தவருக்குக் குடியிருக்கும் உரிமை போய்ச் சேரும். ரசீதில் பெயர் ஏறிவிட்டால் அந்த ஆளைக் கிளப்பவே முடியாது. அலெக்சாண்ட்ரியாவில் முப்பது வருஷம் வீட்டுத் தரகு பார்த்தவன் சொல்கிறேன்.

என் சிநேகிதன் வகீஹ் கேட்கவில்லை. குவைத்தில் பத்தொன்பது வருஷம் வெயிலில் வெந்து சேர்த்ததை எல்லாம் கொட்டி, எங்கள் ஊர் அத்தாரின் பேட்டையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டைக் கால் விலைக்கு வாங்கினான். மற்ற மாடிகள் எல்லாம் பூட்டிய கிடங்குகள். இந்த வீட்டில் மட்டும் இன்ஷிராஹ் என்ற தொண்ணூறு வயதுக்காரி தனியாக இருந்தாள். மாத வாடகை பதினொரு பவுண்டு. அவளுக்குப் பிறகு வீடு வகீஹின் மகள் நிஹாலுக்கு. வீடு இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் நடக்காது.

"ஒரு தடவ மேல போய் மூஞ்சியப் பாத்துட்டு வாய்யா" என்றேன்.

"எப்பச் சாவீங்கன்னு கேக்கப் போன மாதிரி இருக்கும், ஷவ்கி. வெக்கமா இருக்கு."

இவனுடைய வெட்கத்தில் இடி விழ! ஒன்றாம் தேதி நண்பகலில் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். வாடகையை எடுத்துக்கொண்டு ரசீதைப் போடுவான். கூடை மேலே போய்விடும்.

ஐந்தாவது மாதம் சுகாதார அலுவலக எழுத்தர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். இன்ஷிராஹ் தர்ம ஆஸ்பத்திரியில் இறந்து நான்கு மாதமாகிவிட்டது. வகீஹிடம் ஓடினேன்.

"முந்தாநேத்துகூடக் கூடை வந்துச்சே!" என்றான்.

பூட்டை உடைத்தோம். தரையில் விரல் கனத்துக்குத் தூசி, ஒரு காலடித் தடம் இல்லை. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. சமையலறை ஆணியில் கூடை தொங்கியது. உள்ளே ஐந்து ரசீதுகள், ஒழுங்காக அடுக்கி.

"வந்த வெலைக்குத் தள்ளிவிட்ரு" என்றேன்.

"எவன் வாங்குவான்? மாப்ள வீட்ல பெருநாள் வரைக்கும்தான் கெடு."

கூடையை எரித்தான். சுண்ணாம்பு அடித்தான். வீட்டைச் சுத்தப்படுத்த குர்ஆனின் பகரா அத்தியாயத்தை முழுவதும் ஓத வைத்தான். கல்யாணம் முடிந்து நிஹால் மருதாணிக் கையோடு குடிபுகுந்தாள்.

அடுத்த ஒன்றாம் தேதி, எதிர் காபிக் கடையில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம். கூடை இறங்கியது. வகீஹ் சிரித்துக்கொண்டே மகளுக்குப் போன் போட்டான்.

"வெளையாடுறியா, குட்டி?"

"என்ன வெளையாட்டு, பாபா? நான் மீன் மார்க்கெட்ல நிக்கிறேன். அவர் வேலைக்குப் போயிட்டாரு."

கூடையில் பதினொரு பவுண்டும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. சாய்வான பழைய கையெழுத்து: 'எனக்குத் துணையாக ஒரு பெண் வந்திருக்கிறாள். ரசீதில் அவள் பெயரையும் சேர்க்கவும்.'

"எழுதாதடா" என்றேன்.

"எழுதலன்னா கோவம் வந்துரும். எம் பொண்ணு ராத்திரி அங்கதான ஷவ்கி தூங்குறா?"

பேனாவைப் பிடுங்கப் பார்த்தேன். தள்ளிவிட்டான். மகள் பெயரைத் தன் கையால் எழுதிக் கூடையில் போட்டான். கயிறு மெதுவாக மேலே ஏறியது. அதன் பிறகுதான் செய்தது அவனுக்கு உறைத்தது. என்ன ஆனாலும் சரி, இன்றைக்கே மகளைக் கூட்டிப் போய்விடுவது என்றான்.

சாயங்காலம் இரண்டு பேரும் மேலே போனோம். மாப்பிள்ளை வாசலுக்கு வெளியே, படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே இருப்பது தன் பெண்டாட்டி மாதிரியே இல்லை என்றான்.

நிஹால் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"துணிமணிய எடுத்துட்டுக் கெளம்பும்மா. நம்ம வீட்டுக்குப் போவோம்."

ரசீதைப் பற்றி நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவள் அந்த ரசீதையே விரித்து அப்பனின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நான் எதுக்குப் போகணும், வீட்டுக்காரரே?" என்றாள். "பேர் இருக்கு, பாருங்க."