அப்பாவின் வண்டிக்கு நாலு பூட்டு

“சீட்டுக்கு அடியில கையை விடுங்க. இன்னும் உள்ள. பயப்படாதீங்க, கடிக்காது” என்றது போன்.

மூத்தவள் காரின் முன்சீட்டில் குப்புறக் கிடந்து, தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒரு சீப்பு வந்தது. ஒரு பேனா மூடி வந்தது. என்றைக்கோ கடித்து வைத்த பாதி பிஸ்கட் வந்தது. கூடத்தில் அப்பா வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். மயானத்தில் நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் இன்னும் மூன்று நாள் ஆகும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இப்போது மணி ஒன்றரை.

விஷயம் இதுதான். அந்த வீட்டிலிருந்து வெளியே போக ஒரே வழி, இரண்டு சுவர்களுக்கு நடுவே போகும் சந்து. அந்தச் சந்தை அடைத்துக்கொண்டு, ஆணி அறைந்த மாதிரி நின்றது அப்பாவின் கார். வயது முப்பத்தெட்டு. நேற்று மாலை அதை ஓட்டிவந்து, வழக்கம்போல் பின்பக்கமாகவே சந்துக்குள் செருகி, உள்ளே வந்து டீ கேட்டவர், டீ வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து வந்தார்கள். படுத்திருப்பவர் எப்படி எக்குவார்?

தள்ளியும் பார்த்தாயிற்று. பின்சக்கரத்தில் பிரேக் பிடித்திருந்தது. வெளியூர்க் கல்யாணத்திலிருந்த மெக்கானிக், சாப்பிட்டுக்கொண்டே போனில் ஆலோசனை சொன்னார். “இன்ஜின் இழுத்தாத்தான் அந்த பிரேக் விடும். ஆனா ஸ்டார்ட் பண்றது சுலபமில்ல. முன்னாடி வெச்சிருந்தவங்க ஆளாளுக்கு ஏதோ பண்ணி வெச்சிருக்காங்க. அவங்களைத்தான் கேக்கணும்.”

“காருக்கு மேலயே தூக்கிட்டுப் போயிடலாமா?” என்றான் தம்பி.

அதுவரை வாயே திறக்காத அம்மா நிமிர்ந்தாள். “அந்த வண்டி மேல ஒரு துணிப்பையை வெக்க விட்டிருக்காரா உங்கப்பா? அவரையே வெக்கப் போறியா?” சொல்லிவிட்டு மடியிலிருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் மூத்தவள் வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். அப்பாவுக்கு முன்னால் வண்டிக்கு மூன்று சொந்தக்காரர்கள். மூவரின் போன் நம்பர்களும் அப்பாவின் கையெழுத்தில், மாறும்போதெல்லாம் அடித்துத் திருத்தி, கடைசிப் பக்கத்தில் இருந்தன.

இதில் கூத்து என்னவென்றால், அந்த வண்டியால்தான் அவளும் அப்பாவும் இரண்டு வருஷமாகப் பேசவில்லை. வண்டி நடுரோட்டில் நின்றுபோய், இருவரும் உச்சி வெயிலில் வெந்த ஒரு நாள், “இந்தத் தகர டப்பாவை இரும்புக்கடையில போட்டுட்டுத்தான் மறுவேலை” என்று அவள் கத்தினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரே மேஜையில் சாப்பிட்டாலும், “உப்பை அவளை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு”, “கை நீளமாத்தானே இருக்கு, எட்டி எடுத்துக்கச் சொல்லும்மா” என்று எல்லாம் அம்மா வழியாகத்தான். வீம்பில் இரண்டும் ஒரே அச்சு. அவர்தான் முதலில் பேச வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். இனி அவர் எங்கே பேசுவது? அதை நினைக்க வேண்டாமென்று வண்டியைப் பற்றி மட்டும் நினைத்தாள்.

“கிடைச்சுதா?” என்றது போன். பேசியவர் அப்பாவுக்கு வண்டியை விற்ற டிரைவிங் ஸ்கூல் டீச்சர்.

“பட்டன் மாதிரி ஏதோ இருக்கு டீச்சர்.”

“அதேதான், அமுக்குங்க. கத்துக்க வர்றவங்களை நம்பவே முடியாதும்மா. ஒருத்தன் டீ வாங்க என்னை இறக்கிவிட்டுட்டு வண்டியோட சினிமாவுக்குப் போயிட்டான். அப்புறம்தான் அதை அமுக்காம வண்டி கிளம்பாத மாதிரி வெச்சேன். இருங்க, நானே வர்றேன்.”

அமுக்கிவிட்டுச் சாவியைத் திருகினாள். இன்ஜின் முக்கியது, முனகியது, பற்றவில்லை.

அடுத்து பேக்கரிக்காரர். டீச்சருக்கு விற்றவர் அவர்தான். “டிக்கியில ஸ்டெப்னிக்குப் பின்னால பெட்ரோல் குழாய் ஒண்ணு இருக்கும், திருகி விடுங்க. என் மகன் அப்போ ஒரு பொண்ணு பின்னால சுத்திக்கிட்டிருந்தான். குழாயை மூடி வெச்சா, திருட்டுத்தனமா எடுத்தாலும் வண்டி கொஞ்ச தூரத்துல நின்னுடும்ல?”

“நின்னுச்சாங்க?”

“நின்னுச்சு. சரியா அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல. உள்ள கூப்பிட்டுக் காப்பி குடுத்திருக்காங்க. இப்போ எனக்கு ரெண்டு பேரப் பிள்ளைங்க.”

குழாயைத் திறந்தாள். இன்ஜின் இன்னும் கொஞ்சம் முக்கியது, அவ்வளவுதான். மூன்றாவது நம்பர், வண்டியைப் புதிதாக வாங்கிய பல் டாக்டருடையது. தொண்ணூறு வயது. ஆனால் குரல் கணீரென்றிருந்தது.

“சாம்பல் கிண்ணத்தைக் கழட்டு. உள்ள ஒரு கம்பி இருக்கும். அதான் சோக், அதை இழுத்தாத்தான் ஆறின இன்ஜின் பத்தும். ரெண்டு விரலளவு இழு, அதுக்கு மேல இழுக்காதே. என் மச்சான் கேக்காம கொள்ளாம வண்டியை எடுத்துட்டுப் போயிடுவான். அவன் சிகரெட்டைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்குவான், அதனாலதான் அந்த இடம்.”

மூத்தவளுக்குச் சட்டென்று விளங்கியது. யார் யாரை நம்பவில்லை என்பதுதான் இந்த வண்டியின் முழுச் சரித்திரம். அப்பா அதில் எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் மூன்றையும் பூட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்.

“நீ மூத்தவதானே?” என்றார் டாக்டர்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மாசாமாசம் போன் பண்ணுவாரே. வண்டி எப்படி இருக்குன்னு சொல்லத்தான் பண்ணுவார். ஆனா வண்டிக்கு ரெண்டு நிமிஷம், உனக்கு இருபது நிமிஷம். நீ வேலை மாறினது, கண்ணாடி போட்டது, எல்லாம் எனக்கு மனப்பாடம். போன மாசம், ‘அவ சொன்னதுதான் டாக்டர் சரி, வண்டி போச்சு’ன்னார். ‘அதை அவகிட்டயே சொல்லுங்களேன்’னேன். ‘உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்’னார். சொன்னபடியே செஞ்சுட்டாரும்மா.”

அவளுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. சாம்பல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து வராத அழுகையை எல்லாம் அங்கேயே அழுது தீர்த்தாள். சந்தில் வயிற்றை எக்கிக்கொண்டிருந்த ஒரு உறவினர், ஜன்னல் வழியாக அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

சோக்கை இழுத்தும் இன்ஜின் பற்றவில்லை. டீச்சர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தவர், ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “உள்ள ரோட்டர்னு ஒரு கறுப்புத் துண்டு இருக்கணும், கட்டைவிரல் அளவுக்கு. அதைக் காணோம். இது என் வேலை இல்லப்பா. நாலாவதா யாரோ ஒரு பூட்டுப் போட்டிருக்காங்க.”

அம்மா எழுந்து வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து நீட்டினாள். “இதுவா பாருங்க.”

“அம்மா! காலையிலேர்ந்து இதை வெச்சுக்கிட்டா உக்காந்திருந்தே?”

“என்கிட்ட யாரு கேட்டீங்க? ஊர் உலகத்துக்கெல்லாம் போன் போட்டீங்க.”

“இது எப்படி உன்கிட்ட?”

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ரெண்டு வருஷமா வண்டியை நிறுத்தினதும் இதைக் கழட்டி என்கிட்ட குடுத்துடுவார். அவர் இல்லாத நேரமா நீ இரும்புக்கடைக்காரனைக் கூட்டிட்டு வந்துடுவேன்னு பயம். நேத்தும் இதைக் குடுத்துட்டுத்தான் டீ கேட்டார்.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “சொன்னா நீ அழுவேன்னு பார்த்தேன். நீதான் எல்லாத்தையும் அழுதுட்டியே. எடுத்துக்க.”

துண்டு உள்ளே போனதும் இன்ஜின் ஒரே திருகலில் பற்றியது. புகை சந்தை நிறைத்தது. டீச்சர் பக்கத்தில் ஏறிக்கொள்ள, மூத்தவள் கியரைப் போட்டு மிதித்தாள். பின்சக்கரம் படாரென்று விட்டது. வண்டி துள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தது. அந்த வழியாகவே அப்பாவையும் தூக்கிவந்து அமரர் ஊர்தியில் ஏற்றினார்கள். மணி மூன்று இருபத்தைந்து.

“ஆஃப் பண்ணிடாதீங்க” என்றார் டீச்சர். “பண்ணினா இந்தத் தெருவை அடைச்சுக்கிட்டு நிக்கும். இப்படியே பின்னால விடுங்க.”

பின்னால் விடுவது லேசான காரியமாக இல்லை. ஊர்தி மரியாதையாக, நடைவேகத்தில் போனது. வண்டிக்கு அந்த மரியாதை தெரியவில்லை. வேகம் குறைந்தால் விக்கியது, இரண்டு தரம் நின்றே போகப் பார்த்தது. பின்னால் பஸ்காரர் பொறுமை இழந்து கத்த ஆரம்பித்தார்.

“ஓவர்டேக் பண்ணிடுங்க” என்றார் டீச்சர்.

“அப்பாவையா?”

“அணைஞ்சு போச்சுன்னா பின்னால வர்ற யாருமே மயானத்துக்குப் போக முடியாது. முன்னால போய் அங்க நில்லுங்க. ஹாரனை அடிங்க.”

அடித்துப் பார்த்தாள். ஹாரன் வேலை செய்யவில்லை. அதற்கு யாரைக் கேட்பது? முன்னால், ஊர்தியின் பின் கண்ணாடிக்குள் வெள்ளைத் துணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இன்ஜின் மறுபடி விக்கியது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“அப்பா, கொஞ்சம் ஓரமாப் போங்கப்பா!”

ஊர்தி மெல்ல ஓரம் ஒதுங்கி வழிவிட்டது.