அலறல் இல்லாத இரண்டாம் பாகம்

பேய் விளையாட்டு என்று சொல்லி விற்றுவிட்டு உள்ளே பேயே இல்லையென்றால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? விடவில்லை. காலையில் ‘இருட்டுத் தறி’ கேமின் இரண்டாம் பாகம் வெளியான கையோடு வசவு கொட்ட ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டியும் ஓயவில்லை. “பேய் லீவுல போயிருக்கா?” என்று ஒருவன் எழுதியிருந்தான். “கணக்குப் பரீட்சை எழுதத்தான் இத வாங்கினேனா?” என்று ஒருத்தி. முதல் பாகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்களும் இவர்கள்தான்.

சந்தோஷ் ஆரணியில் தன் வீட்டு மாடி அறையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். கீழே கூடத்தில் அவன் அம்மா கமலத்தின் பட்டுத்தறி ஓடிக்கொண்டிருந்தது. வந்த வசவுகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தான். கேம் போனால் போகட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம் என்று நினைக்க முடியவில்லை. அம்மா தன்னோடு பேசுவதற்கு இந்த ஒன்றைத்தான் அவன் நம்பியிருந்தான்.

ஆமாம், கமலம் பெற்ற பிள்ளையோடு பேசுவதில்லை. போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே இப்படித்தான். வேளாவேளைக்குச் சமைப்பாள், அவன் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போடுவாள். “சோறு ஆறுது” என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவருக்கா பசிக்கும்? அவன்தான் வந்து தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். திட்டியிருந்தால் தேவலை, நாலு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. ஒரே வீட்டில் ஆளே இல்லாத மாதிரி நடமாடினால் ஒரு மனுஷன் எப்படித்தான் தாங்குவான்?

அவள்மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை. முதல் பாகத்தை அப்படி ஓடவைத்தது ஒரே ஒரு அலறல். இருட்டில் ஒரு தறிவீடு, ஆளில்லாமல் ஓடும் தறி, கிட்டே போனால் ஒரு பெண் அலறுவாள். அதைக் கேட்டுப் போனை வீசியெறிந்தவர்கள் உண்டு. குரல் யாருடையது என்று கேட்டவர்களிடமெல்லாம் நெட்டில் கிடைத்தது என்று சந்தோஷ் புளுகினான். அது கமலத்தின் குரல். அவன் அப்பா சிவப்பிரகாசம் தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துபோன அன்றைக்கு அவள் போட்ட சத்தம் அது.

கேமுக்குத் தறிச் சத்தம் வேண்டுமென்று, ரெக்கார்டிங்கை ஓடவிட்டுப் போனைத் தறிக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துவிட்டு இவன் அன்றைக்கு மாடிக்கு வந்திருந்தான். காதில் ஹெட்போன். தெரு ஜனம் கூடி, யாரோ வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. துக்கமெல்லாம் ஒரு மாதிரி அடங்கிய பிறகு, தறிச் சத்தத்துக்காக அந்த ரெக்கார்டிங்கைத் திறந்தான். அலறல் ஆரம்பித்த இடத்தில் பதறிப்போய் நிறுத்தினான். அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? விடவில்லை, படுபாவி! ஆரம்பத்துக் கத்தலை மட்டும் வெட்டி எடுத்துப் பேயின் வாயில் வைத்தான். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. வெட்டுவதற்கு மட்டும் இருந்தது.

கமலம் நெய்து முடித்த சேலையைக் கொடுத்துவிட்டு அடுத்த சேலைக்குப் பட்டு வாங்க முதலாளி கடைக்குப் போயிருந்தபோதுதான் அது அவள் காதில் விழுந்தது. கடை ஆட்கள் ஒரு போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அலறல் வந்ததும் துள்ளிக் குதித்தார்கள், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “உங்க சந்தோஷு செஞ்சதுதாங்க, சூப்பரா கீது” என்று ஒருவன் அவளிடமே பெருமையாகக் காட்டினான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாயை மூடியவள்தான்.

அதனால்தான் இரண்டாம் பாகத்தில் பயமுறுத்தலையே எடுத்துவிட்டு முழுக்க முழுக்கப் புதிராகச் செய்தான். அதே தறிவீடு, ஆனால் பூட்டிய கதவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிர். “இதுல கத்தறதே கெடையாதும்மா” என்று தறிக்கு முன்னால் போய் நின்று சொன்னான். அவள் ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் இவன் மனசுக்குள் ஒரு நப்பாசை. இது நன்றாகப் போகட்டும், அந்தக் குரல் இல்லாமலே பிழைத்துக் காட்டலாம், அப்போது ஒரு வார்த்தை பேசிவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. காவ்யா. பெரணமல்லூர்க்காரி; காலேஜில் கூடப் படித்தவள், கேமுக்குப் படமெல்லாம் வரைந்தவள் அவள்தான்.

“சந்தோஷ், அன்பரசு சார் லைன்ல கீறாரு. பேசு.”

அன்பரசு, கேமை வெளியிட்ட சென்னைக் கம்பெனியின் ஆள். மரியாதைக்குக் குறைவே இருக்காது. கழுத்தை அறுக்கும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார். “சுத்தி வளைக்கலைங்க சந்தோஷ். பழைய அலறல் உங்ககிட்டதானே இருக்கு? அதை நாலு இடத்துல போட்டு சாயந்திரத்துக்குள்ள அப்டேட் குடுத்துடுங்க. இல்லைன்னா கேமை நாங்க எடுத்துடுவோம். அப்புறம் அடுத்தது பத்தியும் பேச வேண்டியிருக்காது.”

“அது மட்டும் வேணாம் சார்.”

“சரிங்க. அதுக்குப் பதிலா என்ன வச்சிருக்கீங்க?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் போனை வைத்துவிட்டார். காவ்யா லைனிலேயே இருந்தாள்.

“ஒரு கத்தல்தானடா! அதுக்குப் போயி இன்னா பேஜார் பண்ற?” அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கும் தெரியாது.

“கத்தல் இல்லாதது இல்ல காவ்யா பிரச்சன. பாரு, எல்லாரும் மூணாவது கதவுலயே நின்னுகினு கீறாங்க. அதத் தாண்டி ஒருத்தன்கூட போகல. அந்தக் கதவ கொழந்தகூட தொறக்கும்! இவுங்களுக்கு இன்னா வந்துச்சு?”

“நான் அத ஒரு தபாகூட தொறந்ததில்ல” என்றாள் காவ்யா, மெல்ல.

“இன்னாது?”

“எல்லாரும் டக்குனு தொறந்துட்டீங்க. எனுக்கு மட்டும் வரல. கேட்டா கிண்டல் பண்ணுவீங்கன்னு குறுக்கு வழியில போயி பாத்துக்கினேன். சேலையில வரிசையா மயில், மாங்கா, அன்னம், யானன்னு கீது. கதவுல கீற படத்தயும் அப்டியே வரிசையா அழுத்துறேன். மறுபடி மொதல்ல இருந்து வான்னுது.”

“அப்டியேன்னா? சேலையில எப்டி கீதோ அப்டியேவா?”

“வேற எப்டி?”

சந்தோஷுக்குத் தலையில் இடி இறங்கின மாதிரி இருந்தது. கேமில் அந்தச் சேலை இன்னும் தறியில் இருக்கிறது. தறியில் நெய்யும்போது சேலையின் முகம் கீழ்ப்பக்கம். மேலே தெரிவது முதுகு. அம்மாவே தறிக்கடியில் கண்ணாடி வைத்துத்தான் முகத்தைப் பார்ப்பாள். முதுகில் இடமிருந்து வலமாக மயில் முதலில் வந்தால், திருப்பிப் பிடித்த சேலையில் மயில் கடைசியில்தான் இருக்கும். ஆகவே கதவில் யானையில் ஆரம்பிக்க வேண்டும். இதை ஒருவர் யோசிக்கவும் வேண்டுமா என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. வெளியிடுவதற்கு முன் ஆடிப் பார்க்கக் கொடுத்ததெல்லாம் யாருக்கு? தெருவில் இருக்கிற சிநேகிதர்களுக்கும் முள்ளிப்பட்டு சொந்தக்காரர்களுக்கும். அத்தனை பேர் வீட்டிலும் தறி. அத்தனை பேரும் யோசிக்காமல் யானையை அழுத்தினார்கள். அடக் கடவுளே, உலகத்தில் தறியே இல்லாத வீடும் இருக்குமென்று ஒருத்தனுக்காவது தோன்றியிருக்கக் கூடாதா! காவ்யா வீட்டில் இருப்பது நெல்லும் மாடும். அவளோ வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை.

“ஜல்தி வரிசய மாத்து!” என்று கத்தினாள் அவள், அவன் சொல்லி விஷயம் புரிந்ததும்.

மாற்றினான். அப்டேட் போயிற்று. இரண்டு பேரும் போனில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவன் கதவைத் தாண்டினான். அப்புறம் நாலைந்து பேர். அப்புறம் கும்பலாக. காவ்யா சந்தோஷத்தில் அழுதே விட்டாள். சந்தோஷ் எழுந்து மாடிப்படி வரை போய்க் கீழே எட்டிப் பார்த்தான். அம்மாவிடம் சொல்லலாமா என்று நாக்கு துறுதுறுத்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது முதல் ஆள் எழுதியிருந்தான்: “கதவு திறந்தது. சரி, பேய் எங்கே?”

அடுத்தவனும் அதையேதான் கேட்டான். அதற்கடுத்தவள் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். புதிர் சுலபமா கஷ்டமா என்பது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. அவர்களுக்கு அந்த அலறல் வேண்டும். பயந்து அலறி, அப்புறம் சிரிக்க வேண்டும். அன்பரசு ஒரு செய்தி அனுப்பினார்: “காத்திருக்கோம்ங்க.”

“எனுக்கு வீட்ல மாப்ள பாத்துகினு கீறாங்க” என்றாள் காவ்யா. “இது ஒழுங்கா போனாதான் இன்னும் கொஞ்ச நாள் விடுவாங்க. ஏன்டா இப்டி அடம் புடிக்கற? எவளோ ஒருத்தி கத்துனதுக்கு உனுக்கு இன்னாடா வந்துச்சு?”

“எவளோ இல்ல. அது எங்கம்மா.”

சொல்லிவிட்டான். அப்பா செத்த நாள், மாடம், போன், வெட்டியது எல்லாவற்றையும் சொன்னான்.

“அப்ப போடறதா வேணாமான்னு நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல” என்றாள் காவ்யா. “நீயும் சொல்லக் கூடாது. போயி அம்மாவக் கேளு.”

கேட்கக் கூடாததைக் கேட்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் சந்தோஷ் படியிறங்கினான். வேறு வழி இருந்தால் இறங்கியிருக்க மாட்டான். கமலம் நிமிரவில்லை. அவன் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“அம்மா, கேம் ஊத்திக்கிச்சும்மா. எல்லாரும் அந்தக் கத்தலதான் கேக்கறாங்க. போடலன்னா சாயந்தரத்தோட முடிஞ்சிரும். காவ்யா பாவம், அவளும் என்ன நம்பி வந்துட்டா. நான் கெஞ்சிக் கேக்கறேன். போடட்டுமா? வேணான்னா வேணான்னு சொல்லு. எதையாச்சும் சொல்லும்மா.”

தறி நின்றது. கமலம் திரும்பினாள். சுவரைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எங்க, அதப் போடு.”

அவன் அவசரமாகப் போனில் கேமின் அலறலைத் தேடினான்.

“அது இல்ல. வெட்டாதது கீதில்ல? அத மொத்தமும் போடு.”

ஓடவிட்டான். தறிச் சத்தம் வந்தது. அப்பா இருமினார். அப்புறம் எதுவோ சரிந்தது, தறி நின்றது. அலறல். நிறுத்தப் போன கையைக் கமலம் பிடித்துக்கொண்டாள். அலறல் அடங்கவில்லை, வார்த்தையாயிற்று.

“சந்தோஷு! டேய் சந்தோஷு! அப்பாவ பாருடா! எறங்கி வாடா! சந்தோஷு!”

மறுபடியும் மறுபடியும் அவன் பேர். அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்கிறவரை அவன் பேர்தான். கடைசியில் தொண்டை கட்டிப்போய், காற்றாக, அப்போதும் அவன் பேர்.

“கேட்டியா?” என்றாள் கமலம். “கட பசங்க சிரிச்சானுங்க. பேயி கத்துதாம். நான் கத்தலடா. உன்னக் கூப்ட்டேன். நீ வரல. காதுல மாட்டிகினு கீறான், பாவம், அவனுக்கு இன்னா தெரியும்னு மனசத் தேத்திக்கினேன். ஒரு நாளாச்சும் உன்ன கேட்டிருப்பனா? அப்புறம் பாத்தா, நீ அத எடுத்து, உன் பேர வெட்டிப் போட்டுட்டு, மிச்சத்த ஊருக்கு வித்துகினு கீற.”

“மீதிய நான் கேக்கவே இல்லம்மா. சத்தியமா கேக்கவே இல்ல.”

“அதத்தாண்டா நானும் சொல்றேன்.”

அவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் தள்ளிவிடவில்லை, தலையைத் தடவவும் இல்லை. அவன் ஓயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

“போடணும்னா போட்டுக்கோ. மொத்தமா போடு, உன் பேரோட” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சந்தோஷ் மாடிக்கு ஏறிப் போய்க் காவ்யாவைக் கூப்பிட்டான். “போடல” என்றான். அவள் ஏனென்று கேட்கவில்லை. “சரி” என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. வெளிச்சம் மங்குவதற்குள் அன்பரசு சொன்னபடி செய்துவிட்டார். கேம் இருந்த பக்கத்தில் கேம் இல்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனிமேல் என்ன செய்வது என்று அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“சந்தோஷு!”

கீழேயிருந்து ஒரே ஒரு தடவைதான் அந்தக் குரல் வந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவன் எழுந்து ஓடினான். பாதிப் படியில் கால் சறுக்கி, முட்டி சிராய்த்து, கைப்பிடியைப் பிடித்து, மிச்சப் படிகளைத் தாவி, மூச்சிரைக்க அடுப்படி வாசலில் போய் நின்றான். கமலம் அடுப்புக்கு முன்னால் தீப்பெட்டியும் கையுமாக நின்றிருந்தாள்.

“சிலிண்டர் தீந்துபோச்சு, மாத்தணும். அதுக்கு ஏன்டா இப்டி விழுந்தடிச்சிகினு ஓடியாற?”

“நீ கூப்ட்டியேம்மா” என்றான் சந்தோஷ்.